வழங்கிப் பக்கக் கோப்பு நகலாக்கம்: குளஸ்டர்எஃப்எஸ் சேமிப்பகத்தின் வரலாறு

ஒரு கோப்பை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் ஒரே உள்ளடக்கத்துடன் வைத்திருக்கும் ஏற்பாடு நகலாக்கம் எனப்படுகிறது. பல கணினிகளின் வன்தட்டுகளை வலையமைப்பால் இணைத்து, பயனருக்கு ஒரே பெரிய கோப்புறை போலக் காட்டும் அமைப்பு கொத்துச் சேமிப்பகம் ஆகும். இவ்வமைப்பில் கோப்பைத் தன்னிடம் வைத்திருந்து கேட்பவருக்குத் தரும் கணினி வழங்கி, அதாவது சர்வர். அதனிடமிருந்து கோப்பைப் பெறுவதும் அதற்கு எழுதி அனுப்புவதுமாகிய கணினி கிளையன்ட். நகலெடுக்கும் வேலையைக் கிளையன்ட்டிடம் விடாமல் வழங்கிகளே தமக்குள் செய்துகொள்ளும் முறைக்கு வழங்கிப் பக்க நகலாக்கம் என்று பெயர்.

நகலாக்கத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை நகல் வேண்டும் என்ற கேள்வியே முதலில் எழும். ஆனால் அதன் வரலாற்றைத் தீர்மானித்தவை வேறு இரண்டு கேள்விகள். நகலை யார் எடுப்பது? இரண்டு நகல்கள் வேறுபட்டுப் போனால் எது சரியானது என்று யார் சொல்வது? தமிழ்நாட்டில் பொறியியல் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி தொடங்கிய குளஸ்டர்எஃப்எஸ் என்ற கட்டற்ற மென்பொருள், இவ்விரு கேள்விகளுக்கும் பதிப்புக்குப் பதிப்பு வெவ்வேறு விடைகளைத் தேடியது. அந்தத் தேடலின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பாடபேதம் என்ற பழைய சிக்கல்

நகலெடுத்து வைப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டினான். அதன் திருச்சுற்றில் வரிசையாக உள்ள சிறு கோயில்களில் அவனுடைய விருதுப் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல வரிசைகளில், வெவ்வேறு எழுத்து வகைகளில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டுள்ளன. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்டக் குடைவரையிலும் ஒரே வடமொழிக் கல்வெட்டு ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும் மற்றொரு சுவரில் நாகரி எழுத்திலும் உள்ளது. ஓர் எழுத்து சிதைந்தாலும் மற்றதைக் கொண்டு படிக்க முடிகிறது.

கல்லில் வெட்டியது பின்னர் மாறுவதில்லை. அதனால் கல்வெட்டு நகல்களுக்குள் சண்டை வருவதில்லை. ஓலைச்சுவடியின் நிலை வேறு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் பார்த்து எழுதினார். ஒருவர் சொல்லக் கேட்டு இன்னொருவர் எழுதினார். எழுத்து மாறியது, வரி விட்டுப்போனது. ஒரே நூலின் இரண்டு ஏடுகள் இரண்டு விதமாக நின்றன. இதையே பாடபேதம் என்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம். இரண்டு ஏடுகள் மட்டும் கையில் இருந்து அவை மாறுபட்டால், மூன்றாவது ஏடு ஒன்று கிடைக்கும்வரை முடிவு சொல்வது கடினம்.

கணினிக் கோப்பு, கல்வெட்டைப் போன்றது அன்று, ஏட்டைப் போன்றது. அது மாறிக்கொண்டே இருக்கும். ஏட்டில் நூற்றாண்டுகளில் தோன்றிய பாடபேதம் கணினியில் ஒரு நொடிக்குள் தோன்றிவிடும்.

தொடக்ககால முயற்சிகள்

ஒரே தகவலை இரண்டு வன்தட்டுகளில் எழுதும் வழக்கம் 1970களிலேயே வணிகக் கணினிகளுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் டாண்டம் நிறுவனம் 1976 முதல் விற்ற 'நான்ஸ்டாப்' வகைக் கணினிகளில், ஓர் உறுப்பு பழுதானாலும் வேலை நிற்காதபடி ஒவ்வொன்றும் இரட்டையாக அமைந்தது. அதே 1976 இல் ஆல்ஸ்பெர்க், டே ஆகிய இருவர் ஒரு கட்டுரையில், நகல்களுள் ஒன்றை முதன்மையாகக் கொண்டு எல்லா மாற்றங்களையும் அதன் வழியாகவே மற்றவற்றுக்கு அனுப்பும் முறையை முன்வைத்தனர். வழங்கிப் பக்க நகலாக்கத்தின் வேர்களில் இது ஒன்று. 1988 இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய 'ரெய்டு' கட்டுரை, ஒரு கணினிக்குள் பல வன்தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகளை வகைப்படுத்தியது. அதில் முதல் வகை, ஒரு தட்டில் உள்ளதை அப்படியே இன்னொரு தட்டிலும் வைப்பதாகும். ஆனால் ரெய்டு முறை தட்டு பழுதானால் காக்கும். கணினியே நின்றுபோனால் காக்காது.

கணினிகளுக்கு இடையே கோப்புகளை நகலாக்கும் ஆய்வில் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை ஐஐடியில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987 இல் 'கோடா' என்ற கோப்பு முறைமையின் ஆய்வைத் தொடங்கினார். கோடாவில் ஒரே கோப்பு பல வழங்கிகளில் இருக்கும். எழுதும்போது கிளையன்ட் அப்போது எட்டக்கூடிய எல்லா வழங்கிகளுக்கும் ஒருசேர அனுப்பும். நகல்கள் வேறுபட்டுத் தானாகத் தீர்க்க முடியாத நிலை வந்தால், கோடா எந்த நகலையும் தன்னிச்சையாகத் தேர்ந்தெடுக்காது. அந்தக் கோப்பு எங்கும் போய்ச் சேராத ஓர் இணைப்பாகப் பயனருக்குத் தோன்றும். மனிதர் ஒருவர் வந்து தீர்க்கும்வரை அது அப்படியே இருக்கும். தவறான நகலைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல் என்ற கொள்கை இதில் உள்ளது.

2003 இல் கூகுள் தன் கோப்பு முறைமையைப் பற்றி வெளியிட்ட கட்டுரை வேறொரு வழியைக் காட்டியது. அதில் கோப்பு 64 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் வழக்கமாக மூன்று வழங்கிகளில் வைக்கப்பட்டது. கிளையன்ட் தரவை ஒரு வழங்கிக்கு அனுப்ப, அது அடுத்ததற்கும், அடுத்தது அதற்கடுத்ததற்கும் கடத்தியது. மாற்றங்கள் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை முதன்மை நகலை வைத்திருந்த வழங்கி முடிவுசெய்தது. ஆனால் இந்த மென்பொருள் கூகுளுக்கு வெளியே கிடைக்கவில்லை.

தண்டர் முதல் குளஸ்டர் வரை

ஆனந்த் பாபு பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அந்நிறுவனம் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்காக 'தண்டர்' என்ற மீக்கணினியை உருவாக்கியது. தலா நான்கு இட்டானியம்-2 செயலிகள் கொண்ட 1,024 கணினிகளை இணைத்து, மொத்தம் 4,096 செயலிகளுடன் அது அமைந்தது. 2004 ஜூன் மாதம் வெளியான உலகின் 500 வேகமான கணினிகளின் பட்டியலில், நொடிக்கு 19.94 டெராஃபிளாப் வேகத்துடன் தண்டர் இரண்டாம் இடம் பெற்றது.

விலை உயர்ந்த தனிவகை எந்திரம் இல்லாமலே, பல கணினிகளைக் கொத்தாகச் சேர்த்துப் பெரிய கணக்கீட்டைச் செய்யலாம் என்பதை இத்தகைய திட்டங்கள் மெய்ப்பித்தன. கணக்கீட்டுக்குச் செய்ததைச் சேமிப்புக்கும் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. அக்காலத்தில் பெரிய சேமிப்பகம் என்றால், ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட வன்பொருளையும் மென்பொருளையும் சேர்த்து அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

2005 இல் ஆனந்த் பாபுவும் ஹிதேஷ் செல்லானியும் 'இசட் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். இதுவே பின்னர் 'குளஸ்டர்' என்று பெயர் மாறியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் 'ஜிஎன்யு' என்ற பெயரையும், கணினிக் கொத்தைக் குறிக்கும் சொல்லையும் கலந்து உருவான பெயர் இது. மென்பொருளின் ஆக்கப்பணி பெருமளவு பெங்களூரில் நடந்தது. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், கடையில் வாங்கிய இரண்டு சாதாரணக் கணினிகளை வைத்திருந்த கல்லூரி மாணவரும் அதை நிறுவிப் பார்க்க முடிந்தது.

அடுக்குகளாக அமைந்த மென்பொருள்

குளஸ்டர்எஃப்எஸ்ஸின் அடிப்படை அலகு 'டிரான்ஸ்லேட்டர்' எனப்படும் அடுக்கு. இக்கருத்து ஜிஎன்யு ஹர்டு இயங்குதளத்திலிருந்து பெறப்பட்டது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு வேலையை மட்டும் செய்யும். வன்தட்டில் கோப்பை எழுத ஓர் அடுக்கு, கோப்பைப் பூட்ட ஓர் அடுக்கு, வலையமைப்பில் அனுப்ப ஓர் அடுக்கு, நகலெடுக்க ஓர் அடுக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம். நகலெடுக்கும் அடுக்கின் பெயர் 'ஆட்டோமேட்டிக் ஃபைல் ரெப்ளிகேஷன்', சுருக்கமாக ஏஎஃப்ஆர்.

இந்த ஏற்பாட்டால் வந்த முக்கியமான விளைவு ஒன்று உண்டு. ஏஎஃப்ஆர் அடுக்கைக் கிளையன்ட்டிலும் வைக்கலாம், வழங்கியிலும் வைக்கலாம். நிரல் ஒன்றுதான், அது உட்காரும் இடம் மாறினால் நகலெடுக்கும் பொறுப்பு கைமாறும். ஆகவே நகலை யார் எடுப்பது என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமை, தொடக்கப் பதிப்புகளில் சேமிப்பகத்தை நிறுவுபவர் கையில் இருந்தது.

கோப்புகள் எங்கே உள்ளன என்று குறித்துவைக்கும் தனிப்பட்ட தலைமைக் கணினி எதுவும் குளஸ்டர்எஃப்எஸ்ஸில் இல்லை என்பதும், அது கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வன்தட்டில் வைக்கிறது என்பதும் அதன் மற்ற சிறப்புகள். நகலாக்கம் மட்டும் அமைந்த கொத்தில், மென்பொருள் முழுவதும் செயலிழந்தாலும் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் முழுமையாகக் கிடைக்கும்.

செவிலிமேட்டில் ஓர் அமைப்பு: விளக்கம்

வழங்கிப் பக்க நகலாக்கத்தை அமைத்த முறையை விளக்க, ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். காஞ்சிபுரத்தின் தெற்கே பாலாற்றை ஒட்டிய செவிலிமேட்டில் ஒரு நெசவாளர் சங்கம் இருப்பதாகவும், அது புடவைகளின் கரை, முந்தானை, புட்டா வடிவங்களைக் கணினிக் கோப்புகளாக வைத்திருப்பதாகவும் கருதுவோம். ஜக்கார்டு தறியில் முன்பு துளையிட்ட அட்டைகள் செய்த வேலையை மின்னணு ஜக்கார்டில் இக்கோப்புகள் செய்கின்றன. அட்டை ஒவ்வொன்றும் ஊடையின் ஒரு வரியை ஆள்வது போல, கோப்பின் ஒவ்வொரு வரியும் ஊடையின் ஒரு வரியை ஆளும். கோப்பில் ஒரு வரி பிசகினால், அந்த வடிவம் வரும் இடமெல்லாம் புடவையில் அதே பிசகு வரும். பட்டும் சரிகையும் நெய்த பின் அதைப் பிரித்துச் சரிசெய்ய இயலாது. எனவே கோப்பு கிடைக்க வேண்டும் என்பது மட்டும் போதாது. கிடைப்பது சரியான கோப்பாகவும் இருக்க வேண்டும்.

சங்கத்தில் இரண்டு வழங்கிகள் உள்ளன. அவற்றை ஒன்று, இரண்டு என்போம். 2007 முதல் 2009 வரையிலான பதிப்புகளில் நிறுவுபவர் ஒவ்வொரு வழங்கியிலும் ஓர் அமைப்புக் கோப்பைக் கையால் எழுத வேண்டும். அதன் படிகள் பின்வருமாறு அமைந்தன.

முதலில், வழங்கியின் வன்தட்டில் ஒரு கோப்புறையைச் சேமிப்பிடமாக அறிவிக்க வேண்டும். இதற்குச் செங்கல் என்ற பொருளில் 'பிரிக்' என்று பெயர். சேமிப்பகம் என்ற சுவர் இத்தகைய செங்கற்களால் கட்டப்படுகிறது.

இரண்டாவதாக, அதன்மேல் பூட்டு அடுக்கை வைக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பை எழுதினால் ஒருவர் காத்திருக்கும்படி இது செய்யும்.

மூன்றாவதாக, முதல் வழங்கியின் அமைப்புக் கோப்பில், இரண்டாம் வழங்கியின் செங்கல்லை எட்டும் வழியைக் குறிக்க வேண்டும். அதாவது வழங்கி ஒன்று, வழங்கி இரண்டுக்குக் கிளையன்ட் ஆகிறது. இரண்டாம் வழங்கியில் இதையே திருப்பிச் செய்ய வேண்டும்.

நான்காவதாக, தன்னிடமுள்ள செங்கல்லையும் அடுத்ததன் செங்கல்லையும் ஏஎஃப்ஆர் அடுக்கின் கீழ் இணைக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு வழங்கிகளிலும் செங்கற்களின் வரிசை ஒன்றாகவே இருக்க வேண்டும். தன்னுடையதே முதலில் வரட்டும் என்று ஒவ்வொரு வழங்கியிலும் மாற்றி எழுதிவிடக் கூடாது. பட்டியலில் முதலில் உள்ள செங்கல்லில்தான் பூட்டு போடப்படும். வரிசை மாறினால் இரு வழங்கிகளும் வெவ்வேறு இடத்தில் பூட்டுப் போட்டு, இரண்டும் தமக்கே உரிமை கிடைத்ததாக எண்ணிக்கொள்ளும். படிப்பது மட்டும் அருகிலுள்ள செங்கல்லிலிருந்து நடக்க வேண்டுமானால் அதற்குத் தனி விருப்பத் தேர்வு இருந்தது.

ஐந்தாவதாக, செங்கல், நகலாக்கப்பட்ட தொகுதி ஆகிய இரண்டையும் வெளியே திறந்து, எந்தெந்த முகவரியிலிருந்து வருபவரை அனுமதிப்பது என்று எழுத வேண்டும். செங்கல்லை அடுத்த வழங்கிக்கு மட்டும் திறப்பது நலம்.

கடைசியாக, கிளையன்ட் கணினிகள் ஒரே பெயரை அழைக்க வேண்டும். அப்பெயருக்கு இரு வழங்கிகளின் முகவரியும் மாறிமாறி வரும்படி பெயர்ப்பதிவில் அமைத்தால், ஒன்று நின்றாலும் அடுத்த முயற்சியில் மற்றது கிடைக்கும்.

இவ்வமைப்பில் வடிவமைப்பாளர் ஒருவர் ஒரு கோப்பைச் சேமித்தால், அவருடைய கணினி அதை ஒரு வழங்கிக்கு ஒருமுறை மட்டும் அனுப்பும். அந்த வழங்கி தன் தட்டிலும் எழுதி, மற்றதற்கும் அனுப்பி, இரண்டும் முடிந்த பின் சரி என்று பதில் சொல்லும்.

யார் தோளில் சுமை?

கிளையன்ட் பக்கத்தில் ஏஎஃப்ஆர் இருந்தால் வடிவமைப்பாளரின் கணினியே கோப்பை இரண்டு வழங்கிகளுக்கும் அனுப்ப வேண்டும். ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சமாக ஏறத்தாழ 125 மெகாபைட் செல்லும். இரண்டு நகல் அனுப்பினால் எழுதும் வேகம் பாதியாகும். மூன்று நகல் என்றால் மூன்றில் ஒரு பங்காகும். வழங்கிப் பக்க முறையில் கிளையன்ட் தன் இணைப்பு முழுவதையும் ஒரு நகலுக்கே பயன்படுத்தலாம். வழங்கிகள் தமக்குள் தனி இணைப்பு வைத்துக்கொண்டால் நகலாக்கப் போக்குவரத்து பயனரின் வலையமைப்புக்கு வராது. கிளையன்ட் கணினிகளின் அமைப்பும் எளிது. ஒரு புதிய வழங்கியைச் சேர்த்தாலும் அவற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இதற்கு விலையும் உண்டு. தரவு இரண்டு தாவல் தாவி இரண்டாம் தட்டை அடைகிறது. சிறு கோப்புகளை எழுதும்போது இந்தத் தாமதம் தெரியும். கிளையன்ட் பேசிக்கொண்டிருந்த வழங்கி நடுவழியில் நின்றுபோனால், கிளையன்ட் இன்னொன்றைத் தேடி இணையும்வரை வேலை தடைப்படும். கிளையன்ட் பக்க முறையில் இரு வழங்கிகளோடும் தொடர்பு ஏற்கெனவே இருப்பதால், ஒன்று நின்றது பயனருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது.

வேகமும் எளிமையும் ஒரு பக்கம், இடையறாத சேவை மறுபக்கம் என்ற இந்த இழுபறியில், குளஸ்டர்எஃப்எஸ் மெல்ல மெல்லக் கிளையன்ட் பக்கத்தையே வழக்கமான முறையாகக் கொண்டது. 2010 இல் வந்த 3.1 பதிப்பு, கையால் எழுதும் அமைப்புக் கோப்புகளுக்கு முடிவு கட்டியது. வழங்கிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்த ஒரு கட்டளை, எத்தனை நகல் என்று சொல்லித் தொகுதியை உருவாக்க ஒரு கட்டளை, அதைத் தொடங்க ஒரு கட்டளை என மூன்றே படிகளில் வேலை முடிந்தது. செங்கல் வரிசையைத் தவறாக எழுதும் ஆபத்தும் நீங்கியது. ஆனால் இவ்வாறு உருவான தொகுதியில் ஏஎஃப்ஆர் அடுக்கு கிளையன்ட் பக்கத்தில்தான் அமர்ந்தது. எங்கே வைப்பது என்ற தேர்வு நிறுவுபவரின் கையைவிட்டுப் போனது.

நகல்கள் பிரிந்தால்

ஒரு வழங்கி சிறிது நேரம் நின்று மீண்டும் எழுந்தால் அதனிடம் உள்ள கோப்பு பழையதாக இருக்கும். எது பழையது என்று அறிய ஏஎஃப்ஆர் ஒரு கணக்கு வைத்தது. கோப்பை மாற்றுவதற்கு முன், 'மாற்றம் நடக்கப்போகிறது' என்று ஒவ்வொரு நகலின் மறைவான பண்புகளிலும் ஒரு குறி இடப்படும். மாற்றம் வெற்றியாக முடிந்ததும் அக்குறி நீக்கப்படும். இரண்டாம் வழங்கி நின்றிருந்தால், முதல் வழங்கியில் அதைச் சுட்டும் குறி நீங்காமல் நிற்கும். 'அவரிடம் உள்ளது பழையது, என்னிடம் உள்ளதே புதியது' என்று ஒரு நகல் மற்றதைப் பற்றிச் சொல்லும் சாட்சி இது. பிறகு புதிய நகலிலிருந்து பழையது திருத்தப்படும். இதற்குச் 'செல்ஃப் ஹீல்', அதாவது தானே குணமாதல் என்று பெயர்.

தொடக்கப் பதிப்புகளில் இந்தத் திருத்தம் தானாக நடக்காது. யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால்தான் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வடிவக் கோப்பு ஆண்டு முழுவதும் ஒற்றை நகலாகவே இருந்துவிடலாம். அதற்குள் நல்ல நகல் உள்ள தட்டு பழுதானால் அது போனது போனதுதான். ஆகவே ஒரு வழங்கி விழுந்து எழுந்ததும், எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் கட்டளையை நிர்வாகி கையால் ஓட்டுவது வழக்கமாக இருந்தது. 2012 இல் வந்த 3.3 பதிப்பு இவ்வேலையை வழங்கிகளில் ஓடும் தனி நிரலிடம் கொடுத்தது. திருத்த வேண்டிய கோப்புகளை அது தானே தேடிச் சரிசெய்தது. எழுதும் பொறுப்பு கிளையன்ட்டிடம் போனாலும் பராமரிக்கும் பொறுப்பு இவ்வாறு வழங்கிகளிடம் திரும்பியது.

இதனினும் பெரிய சிக்கல் வேறு. செவிலிமேட்டு எடுத்துக்காட்டில் இரு வழங்கிகளும் நன்றாக ஓடுகின்றன, அவற்றுக்கு இடையேயான கம்பி மட்டும் அறுந்தது என்று கொள்வோம். ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைக்கும். ஒரு வடிவமைப்பாளர் முதல் வழங்கியில் மயில் கரையின் நிறத்தை மாற்றுகிறார். இன்னொருவர் இரண்டாம் வழங்கியில் அதே கரையின் அகலத்தைக் குறைக்கிறார். கம்பி சரியானதும் இரு நகல்களும் ஒன்றையொன்று பழையது என்று குற்றம் சாட்டும். இதைக் கணினித் துறையினர் 'ஸ்பிளிட் பிரெய்ன்', மூளைப் பிளவு என்பர். ஏட்டுப் பதிப்பாசிரியர் கண்ட பாடபேதமே இது. இரண்டும் உண்மையான பணியின் விளைவு; எதை நீக்கினாலும் ஒருவரது உழைப்பு போகும். குளஸ்டர்எஃப்எஸ்ஸும் இந்நிலையில் கோடாவைப் போலவே கோப்பைத் தர மறுத்துப் பிழைச் செய்தி காட்டும்.

வழங்கிப் பக்கத்தில் நகலெடுத்தாலும் கிளையன்ட் பக்கத்தில் எடுத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. இரண்டே பேர் உள்ள இடத்தில் பெரும்பான்மை என்பது இல்லை. சங்கத்தின் பொதுக்குழுவுக்குக் கோரம் தேவைப்படுவது போலவே, எழுத்தை ஏற்கவும் பாதிக்கு மேற்பட்ட நகல்கள் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி தேவைப்பட்டது. மூன்று நகல் வைத்தால் விதி நன்றாக வேலை செய்யும். ஆனால் வன்தட்டுச் செலவு மும்மடங்கு. 2015 இல் 3.7 பதிப்பில் வந்த 'ஆர்பிட்டர்' என்ற நடுவர் செங்கல் இதற்கு ஒரு வழி கண்டது. நடுவரிடம் கோப்பின் பெயரும் பண்புகளும் குறிகளும் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. அது கோப்பைத் தர முடியாது, ஆனால் எது புதியது என்று சாட்சி சொல்ல முடியும். மூன்றாவது ஏடு கிடைக்காவிட்டாலும், எந்த ஏடு பிந்தியது என்று அறிந்த ஒருவர் கிடைத்தது போன்றது இது. பிந்தைய பதிப்புகளில் இரண்டு நகலோடு மட்டும் தொகுதி உருவாக்க முயன்றால், மூளைப் பிளவு நேரலாம் என்ற எச்சரிக்கையை மென்பொருளே காட்டியது.

ரெட் ஹாட்டும் அதன் பின்னரும்

2011 அக்டோபரில் ரெட் ஹாட் நிறுவனம் ஏறத்தாழ 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்குவதாக அறிவித்தது. 2014 இல் அதே ரெட் ஹாட், 'செஃப்' என்ற மற்றொரு சேமிப்பக மென்பொருளுக்குப் பின்னிருந்த இங்க்டாங்க் நிறுவனத்தை ஏறத்தாழ 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. செஃப், சேஜ் வைல் என்பவர் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. அதில் கிளையன்ட் முதன்மை வழங்கிக்கு மட்டும் எழுதும். மற்ற நகல்களை முதன்மை வழங்கியே எடுக்கும். ஒரே நிறுவனத்தின் கூரையின் கீழ் இவ்வாறு இரண்டு விடைகளும் அருகருகே இருந்தன.

குளஸ்டர்எஃப்எஸ் ஆக்குநர்களும் வழங்கிப் பக்க நகலாக்கத்தை மறந்துவிடவில்லை. 4.0 பதிப்புக்கான திட்டங்களில், வழங்கிகளுள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்து, அது மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதி மற்றவற்றுக்கு அனுப்பும் புதிய முறை இடம்பெற்றது. முதலில் 'புதிய பாணி நகலாக்கம்' என்றும் பின்னர் 'குறிப்பேட்டு வழி நகலாக்கம்' என்றும் அழைக்கப்பட்ட இது, சோதனை நிலையைத் தாண்டவில்லை. 2018 இல் 4.0 வெளிவந்தபோதும் நகலெடுக்கும் வேலை கிளையன்ட்டிடமே இருந்தது.

ஆனந்த் பாபு 2014 இல் 'மினியோ' என்ற அடுத்த சேமிப்பக மென்பொருளைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அதில் கிளையன்ட் ஏதேனும் ஒரு வழங்கிக்குத் தரவை ஒருமுறை அனுப்பும். அதைத் துண்டாக்கி, இழந்தால் மீட்பதற்கான உபரித் துண்டுகளையும் கணக்கிட்டுப் பல தட்டுகளில் பரப்புவது வழங்கிகளின் வேலை. முழு நகல்கள் எடுப்பதற்கு மாற்றான முறை இது என்றாலும், பொறுப்பு மீண்டும் வழங்கிப் பக்கத்துக்கே வந்தது. குளஸ்டர்எஃப்எஸ்ஸின் 11 ஆம் பதிப்பு 2023 இல் வந்தது. அதை அடிப்படையாகக் கொண்ட ரெட் ஹாட்டின் வணிகப் பதிப்புக்கான ஆதரவு 2024 இறுதியோடு முடிந்தது.

நகலும் காப்பும்

நகலாக்கத்தைக் காப்புப் பிரதி என்று எண்ணுவது பலர் செய்யும் தவறு. நகலாக்கம் எழுத்தை மட்டும் நகலெடுப்பதில்லை, அழிப்பையும் நகலெடுக்கும். செவிலிமேட்டு வடிவமைப்பாளர் ஒரு கோப்பைத் தவறுதலாக நீக்கினால், அதே நொடியில் எல்லா நகல்களும் நீங்கும். பிசகிய வரியைச் சேமித்தால் எல்லா நகல்களும் பிசகும். வழங்கி பழுதாவதிலிருந்து நகலாக்கம் காக்கும். மனிதர் செய்யும் பிழையிலிருந்து காக்காது. அதற்கு முந்தைய நாளின், முந்தைய மாதத்தின் நிலையைத் தனியே எடுத்து வைக்கும் காப்புப் பிரதி வேண்டும்.

இடமும் முக்கியம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரே அறையில் இருக்கும் மூன்று வழங்கிகளும் ஒரே தீயில் எரியும். குளஸ்டர்எஃப்எஸ் 2011 இல் 3.2 பதிப்பில் சேர்த்த தொலைதூர நகலாக்கம் இதற்கானது. அது மாற்றங்களைச் சற்றுத் தாமதமாக வேறோர் ஊருக்கு அனுப்பும். இரு ஊர்களுக்கு இடையே ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலுக்காகக் காத்திருந்தால் வேலை நகராது என்பதால் இந்தத் தாமதம் ஏற்கப்படுகிறது.

இன்று ஒரு மாணவர் தம் கல்லூரியில் இரண்டு பழைய கணினிகளை இணைத்து நகலாக்கம் அமைக்க முற்பட்டால், கட்டளைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அமைத்த பின் அவர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கணினியின் மின் இணைப்பைத் துண்டித்து, மீண்டும் இணைத்து, இரண்டு தட்டுகளிலும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மின்சாரத்தை விட்டுவிட்டு, இரு கணினிகளுக்கும் இடையேயான கம்பியை மட்டும் பிடுங்கி, இருபுறமும் எழுதிப் பார்க்க வேண்டும். யார் நகலெடுத்தார், யார் தீர்ப்புச் சொன்னார் என்பது அப்போது தெரியும். தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தால், தேவைப்படுவது இன்னொரு வன்தட்டு அன்று. மூன்றாவதாக ஒரு சாட்சி.